மதகில் நிற்கும் குதிரை

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலத்துக்கு அருகில் உள்ள கிராமம் எங்களுடையது. சென்ற சித்திரையில் ஐந்து வயது ஆண் குதிரை ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதங்கள் சொன்னபடி கேட்டது. ஆனி முதல், வயலுக்குப் போகும் வழியில் உள்ள வாய்க்கால் மதகை நெருங்கியதும் நின்றுவிடுகிறது. சவுக்கைக் காட்டினால் முன்னங்கால்களைத் தூக்கி எழும்புகிறது. சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறது. தினமும் அரை மணி நேரம் சவாரி, மற்ற நேரம் கொட்டகையில் கட்டிவிடுகிறேன். இரு வேளையும் ஊறவைத்த கொள்ளு உண்டு. இது சுழி சரியில்லாத சண்டிக்குதிரை, விற்றுவிடு என்கிறார் பெரியப்பா. தங்கள் தந்தையார் குதிரை வண்டி ஓட்டியவர் என்று எழுதியிருந்தீர்கள். வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'ஆனி முதல்' என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் உங்கள் வாய்க்காலை எட்டும்போது ஆனி பிறந்திருக்கும். சித்திரையில் உங்கள் குதிரை கடந்தது புழுதி பறக்கும் வறண்ட வாய்க்காலை. இப்போது அதே இடத்தில் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் இரைகிறது, வெயில் பட்டு மினுங்குகிறது. நமக்கு அது பழைய மதகு. குதிரைக்கு அது முன்பின் பார்த்திராத இடம். பக்கவாட்டில் அமைந்த கண்களால் அது ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் பார்த்துவிடும் என்றாலும், மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. ஐயப்படும் பொருளைத் தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும்தான் அது நிதானிக்க வேண்டும். அந்த நேரத்தில் கடிவாளத்தை இறுகப் பிடித்தால் பார்க்கும் வழியையே அடைத்துவிடுகிறோம். சவுக்கையும் காட்டினால், முன்னால் அச்சம், பின்னால் அடி, வாயில் இழுப்பு. மேலே எழும்புவதைத் தவிர அதற்கு வேறு திசை இல்லை.

மறுபாதி, எழும்பிய பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. இறங்கி, வீட்டுக்குத் திருப்பிவிடுகிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, தந்தையார் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரம் கும்பகோணம் ரயிலடிக்கு வண்டியை நான் ஓட்டினேன். பாலத்து ஏற்றத்தில் குதிரை நிற்கும். நான் இறங்கி, கடிவாளத்தைத் தளர்த்தி, கழுத்தைத் தட்டி, ஒரு பிடி அறுகம்புல்லை நீட்டுவேன். நான்காம் நாள் ஏற்றம் தொடங்கும் முன்பே நின்று, புல்லுக்காகத் தலையைத் திருப்பிப் பார்த்தது. படுக்கையிலிருந்தே கதையைக் கேட்ட தந்தையார், "நிக்கச் சொல்லிக் கொடுத்ததே நீதானடா" என்றார். அழுத்தம் எந்தக் கணத்தில் விலகுகிறதோ, அந்தக் கணத்தில் தான் செய்துகொண்டிருந்ததையே குதிரை கற்றுக்கொள்கிறது. நின்றதும் தளர்த்தினால் நிற்கக் கற்கும். எழும்பியதும் இறங்கினால் எழும்பக் கற்கும்.

ஆனால் பயிற்சியைத் தொடங்கும் முன் வலி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பட்டையை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரையை நான் முரட்டுக் குதிரை என்று சொல்லமாட்டேன். முன்னங்காலின் மேற்பகுதிக்குப் பின்னே, மார்பின் அடியில் பட்டை படும் இடத்தை, மயிருக்கு எதிர்த்திசையில் விரலை ஓட்டிப் பாருங்கள். காய்ப்போ புண்ணோ தட்டுப்படலாம். வாயையும் பார்க்க வேண்டும். குதிரையின் பற்கள் தொடர்ந்து மேலெழுந்துகொண்டே இருப்பவை. மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானதால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு தேயாமல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். கடிவாளத்தை இழுக்கும்போதெல்லாம் கன்னம் அந்தக் கூரில் அழுந்துகிறது. அரத்தால் அதை ராவிவிடக் கால்நடை மருத்துவருக்கு அதிக நேரம் ஆகாது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, உங்களுக்குத் தொலைவும் இல்லை.

தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென அமைந்த வயிற்றை இரு வேளைக் கொள்ளுக்கு இடையில் காயவிட்டால் இரைப்பையில் புண் வரும், பட்டை இறுகும்போது அந்தப் புண்ணும் வலிக்கும். அரை மணி நேர வேலைக்கு இரு வேளைக் கொள்ளு அதிகம். அந்தச் சூடு எங்காவது வெளிப்படத்தான் செய்யும். கொள்ளைக் குறைத்து, புல்லை எப்போதும் முன்னால் போட்டு வையுங்கள், பகலில் கட்டு அவிழ்த்து உலவ விடுங்கள்.

பிறகு மதகு. முதல் சில நாட்கள் ஏறவே வேண்டாம், கையில் பிடித்து நடத்துங்கள். அதன் தோளுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். முன்னால் நின்று இழுப்பவர் மிதிபடுவார். காதுகள் மதகை நோக்கி விறைத்தும் கால்கள் இன்னும் நகர்ந்தும் இருக்கிற தூரத்தில் நீங்களே நிறுத்திவிடுங்கள். தலை தாழ்ந்து, வாயை மென்று, மூச்சை விடும் வரை காத்திருந்து, அது மறுக்கும் முன்பே நீங்களாகத் திருப்பிவிடுங்கள். மறுநாள் இன்னும் பத்தடி. கயிற்றில் இலேசான அழுத்தம் கொடுத்து, ஓர் அடி முன்னே வைத்தாலும் உடனே தளர்த்துங்கள். அந்தத் தளர்த்தல் தாமதமானால் அன்றைய உழைப்பு வீண். மதகுக்குப் பழகிய வேறு குதிரை ஊரில் இருந்தால் முன்னே நடக்கவிடுங்கள், பாதி நாட்களிலேயே வேலை முடியும். ஏறிய பிறகு எப்போதாவது எழும்பினால் முன்னே சாய்ந்து கடிவாளத்தை விட்டுக்கொடுங்கள். பின்னால் இழுத்தால் குதிரை மல்லாந்து உங்கள்மேல் விழும்.

சுழி என்பது மயிர் வளரும் திசைதான். பெரியப்பாவிடம் அதைச் சொல்லி வாதாட வேண்டாம். கையில் பிடித்து நடத்தும் நாட்களில் அவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் லாடம் அடித்த குளம்பு ஈரச் சிமெண்டில் வழுக்கும், ஒரு முறை வழுக்கிய இடத்தைக் குதிரை எளிதில் மறக்காது. ஆகையால் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். பல்லைப் பார்த்த மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.