கரண்ட் போனா, டவர் போனா உங்க பம்பு என்ன பண்ணும்?

கேள்வி: திருவொற்றியூர் பக்கம் ஒரு குடியிருப்புக்கு பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்திருக்கோம் சார். நாலு சின்ன கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன், ஒரு ஓவர்ஹெட் டேங்க், ரெண்டு போர். நைட் ஷிப்டுல ஒரே ஆபரேட்டர்தான், நாலையும் அவரே சுத்தி பாக்கணும். போன மாசம் விடிகாலையில ஒரு பம்பு ட்ரிப் ஆகி மேன்ஹோல் வழியா டிரெய்னேஜ் தண்ணி தெருவுக்கு வந்துடுச்சு, ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்க. இப்போ ரெண்டு கொட்டேஷன் கையில இருக்கு. ஒருத்தர் கன்ட்ரோல் ரூம், பெரிய டிவியோட முழு ஸ்காடா, அதாவது எல்லா பம்பையும் ஒரே இடத்துல இருந்து கம்ப்யூட்டர்ல பாத்து ஓட்டுற சிஸ்டம், போடணும்ங்கிறார். இன்னொருத்தர் விவசாயத்துக்கு போடுற மொபைல் ஸ்டார்ட்டரே போதும், போன்லயே ஆன் ஆஃப் பண்ணிக்கலாம்ங்கிறார். எதை எடுக்கிறது? மழையில டவர் போயிட்டா என்ன ஆகும்?

பதில்: ரெண்டு கொட்டேஷனையும் கொஞ்சம் ஓரமா வைங்க. நீங்க கடைசியா கேட்டீங்களே, டவர் போயிட்டா என்ன ஆகும்னு, அதுல இருந்துதான் தொடங்கணும். அதுக்கு பதில் தெரிஞ்சா எதை வாங்கணும்னு தானா தெரிஞ்சிடும்.

நம்ம வட சென்னை தரை தட்டையா கிடக்கு, கடல் மட்டத்துக்கு மேல சில மீட்டர்தான், அதனால டிரெய்னேஜ் தண்ணி தானா ஓடி ரொம்ப தூரம் போகாது, ஒவ்வொரு இடத்துலயும் தூக்கி விட்டுக்கிட்டே இருக்கணும். பம்பு நின்னா தண்ணி நிக்காது, வீட்டுல ஜனங்க குளிச்சிக்கிட்டும் துவைச்சிக்கிட்டும்தான் இருப்பாங்க. அப்படின்னா பம்பு ஆன் ஆகுறதும் ஆஃப் ஆகுறதும் யாரோட போனையும், எந்த டவரையும் நம்பி இருக்கக்கூடாது. வெட் வெல்லுல, அதாவது கழிவுநீர் வந்து சேருற கிணத்துல, தண்ணி எந்த மட்டத்துல இருக்கோ அதை பாத்து அந்த ஸ்டேஷன்ல இருக்கிற கன்ட்ரோல் பேனலே முடிவு பண்ணணும். சிம் கார்டை கழட்டி வீசினாலும், சர்வர் படுத்தாலும், பம்பு எப்பவும் போல ஓடணும். ரிமோட் சிஸ்டத்துக்கு முதல் வேலை பாக்குறதும் கூப்பிடுறதும்தான், ஓட்டுறது ரெண்டாவது.

இந்த கணக்குல பாத்தா மொபைல் ஸ்டார்ட்டர் உங்க டிரெய்னேஜ் ஸ்டேஷனுக்கு ஆகாது. தோட்டத்துல போருக்கு அது நல்ல பொருள்தான், எப்போ தண்ணி விடணும்னு அங்க மனுஷன்தான முடிவு பண்றான். இங்க அப்படி இல்ல. முழு ஸ்காடாவும் உங்களுக்கு இப்போ வேணாம். மீஞ்சூர் கடல்நீர் ஆலை இருக்கு, காட்டுப்பள்ளியில, 2010ல தொடங்கினது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன். கொடுங்கையூர்ல கழிவுநீரை மறுபடி சுத்தம் பண்ணி மணலி கம்பெனிகளுக்கு அனுப்புற ஆலை 4.5 கோடி லிட்டர். அந்த மாதிரி இடத்துல பிரஷர், ஃப்ளோ, கெமிக்கல்னு ஆயிரம் விஷயம் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு கிடக்கும், கன்ட்ரோல் ரூம்ல ஆள் உக்காந்தே ஆகணும். உங்களுக்கு அந்த டிவி முன்னாடி உக்கார ஆளே கிடையாது, இருக்கிற ஒரே ஆபரேட்டர் ரோட்டுல இருக்கார். ஸ்டேஷனுக்கு ஒரு சின்ன பிஎல்சியோ ஆர்டியுவோ (பேனலுக்குள்ள இருந்து பம்பை ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர்), 4ஜி மோடம், மட்டத்துக்கு ஒரு சென்சார், ரெண்டு ஃப்ளோட் (தண்ணியில மிதக்கிற சுவிட்ச்), சரியான அலாரம், இதுக்குத்தான் காசு போடணும்.

சென்சார்ல கஞ்சத்தனம் வேணாம். கழிவுநீர்ல முக்கி வைக்கிற பிரஷர் டைப் கொழுப்பும் துணியும் படிஞ்சு சீக்கிரம் கெடும். அல்ட்ராசோனிக் மேல இருந்து பாக்கும், ஆனா சோப்பு நுரை வந்தா ஏமாந்துடும், முகத்துல நீராவி படிஞ்சாலும் தப்பு காட்டும், அதுவும் இல்லாம சென்சாருக்கு ரொம்ப கிட்ட தண்ணி வந்துட்டா அதுக்கு தெரியாது, நமக்கு அளவு ரொம்ப தேவைப்படுற நேரமே அதுதான். முடிஞ்சா ரேடார் போடுங்க. எதை போட்டாலும் 4-20 மில்லிஆம்ப் சிக்னல்ல வாங்குங்க, ஏன்னு சொல்றேன். 5 மீட்டர் ஆழத்துக்கு செட் பண்ணா காலியா இருக்கும்போது 4, பாதியில 12, நிறைஞ்சா 20. எலி வயரை கடிச்சிடுச்சுன்னா சிக்னல் 0 ஆகும், உடனே பேனலுக்கு இது காலி இல்ல, வயர் கட்டுன்னு புரிஞ்சிடும். இதே 0-10 வோல்ட் சிக்னலா இருந்தா வயர் அறுந்தாலும் 0, வெல் காலியா இருந்தாலும் 0. பேனல் காலின்னு நினைச்சு பம்பை நிறுத்திடும், தண்ணி மேல வந்துக்கிட்டே இருக்கும், போன்ல எல்லாமே நார்மல்னு காட்டும்.

அந்த ரெண்டு ஃப்ளோட்டு எதுக்குன்னா, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டும் பிஎல்சிய தொடாம ரிலே வழியா நேரா ஸ்டார்ட்டருக்கு போகணும். பிஎல்சி செத்துப்போனாலும் மேல் ஃப்ளோட் தூக்கினா பம்பு ஓடும், கீழ் ஃப்ளோட் இறங்கினா ட்ரை ரன் ஆகாம, அதாவது தண்ணி இல்லாம சுத்தாம, நிக்கும். விலை கம்மி, ஆனா நடுராத்திரியில உங்களை காப்பாத்துறது அதுதான்.

இப்போ அலாரம் மட்டம். எல்லாரும் வெல்லோட விளிம்புக்கு ஒரு அடி கீழன்னு குத்துமதிப்பா வெச்சிடுவாங்க. முதல்ல உங்க லைன்லயே ரொம்ப தாழ்ந்த தெருவுல இருக்கிற மேன்ஹோல் மூடி எந்த மட்டம்னு லெவல் எடுங்க. தண்ணி வெல் வழியா வெளிய வராது, அந்த மூடி வழியாத்தான் முதல்ல வரும், போன மாசம் உங்களுக்கு நடந்ததும் அதுதான். அப்புறம் நேரம் கணக்கு போடுங்க. வெல் 3 மீட்டர் விட்டம்னா ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 7,000 லிட்டர் பிடிக்கும். காலையில 6 மணிக்கு மேல நிமிஷத்துக்கு 400 லிட்டர் வருதுன்னு வைங்க, அலாரம் மட்டத்துக்கும் அந்த மூடிக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம்னா, அலாரத்துல இருந்து தெருவுக்கு தண்ணி வர பதினேழு பதினெட்டு நிமிஷம்தான், பைப்புக்குள்ள கொஞ்சம் பிடிக்கும், அதை நம்பாதீங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசை நின்னுட்டா உங்க ஆபரேட்டர் அந்த நேரத்துல வந்து சேருவாரா? மாட்டார்னா அலாரம் மட்டத்தை இன்னும் கீழ இறக்குங்க. அவர் ஸ்டேஷனுக்கு வந்து சேர எவ்ளோ நேரம் ஆகுதோ, அதை வெச்சு அலாரம் மட்டத்தை முடிவு பண்ணுங்க.

இதே மட்டத்தை வெச்சு ஃப்ளோ மீட்டர் இல்லாமலே பம்போட உடம்பு எப்படி இருக்குன்னு பாக்கலாம், இது எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. பம்பு நிக்கும்போது 10 சென்டிமீட்டர் ஏற 5 நிமிஷம் ஆச்சுன்னா அந்த 3 மீட்டர் வெல்லுல நிமிஷத்துக்கு 140 லிட்டர் வருது. பம்பு ஓடும்போது 10 சென்டிமீட்டர் ஒரே நிமிஷத்துல இறங்குச்சுன்னா 700 லிட்டர் குறைஞ்சிருக்கு, உள்ள வந்த 140ஐயும் சேத்தா பம்பு தள்ளினது 840. மூணு மாசம் கழிச்சு இது 600க்கு வந்துடுச்சுன்னா ஒண்ணு இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்துற சக்கரம்) தேஞ்சிருக்கு, இல்ல துணி சுத்தியிருக்கு, இல்ல பக்கத்து பம்போட என்ஆர்வி (தண்ணி திரும்பி வராம தடுக்கிற வால்வு) மூடாம தண்ணி சுத்தி சுத்தி அதே வெல்லுக்கே திரும்பி வருது. பேனல் இந்த கணக்கை தினம் தானே போட்டு அனுப்பும், கேட்டா மட்டும்தான் செட் பண்ணி தருவாங்க.

கூடவே ஸ்டேஷன்ல இருக்கிற ரெண்டு பம்புக்கும் ஆம்ப்ஸ், அதாவது மோட்டார் எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு, எடுங்க. பம்பு ஆன்ங்கிற பச்சை லைட்டு ஒண்ணுமே சொல்லாது, மோட்டாருக்கு கரண்ட் குடுக்கிற கான்டாக்டர் சுவிட்ச் உள்ள இழுத்திருக்குன்னு மட்டும்தான் அதுக்கு தெரியும். எப்பவும் 14 ஆம்ப் எடுக்கிற மோட்டார் 19க்கு போனா ஏதோ சிக்கி இறுக்குது. 9க்கு இறங்கினா மோட்டார் சும்மா சுத்துது, தண்ணி போகல, அடைப்போ ஏர் லாக்கோ இருக்கு. ரெண்டாவதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, ஓவர்லோடு ட்ரிப் ஆகாது, ஒரு சத்தமும் வராது, மட்டம் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும்.

எல்லாத்துக்கும் எஸ்எம்எஸ் வராம பாத்துக்கோங்க. பம்பு ஓடுச்சு நின்னுச்சுன்னு ஒரு ராத்திரிக்கு எண்பது மெசேஜ் வந்தா மூணாவது நாள் ஆபரேட்டர் போனை சைலன்ட்ல போட்டுடுவார், அவரை குத்தம் சொல்ல முடியாது. ராத்திரியில மணி அடிக்க வேண்டியது மட்டம் ஏறினா, ரெண்டு பம்பும் ஓட முடியாத நிலைமைன்னா, கரண்ட் போய் பத்து நிமிஷம் தாண்டினா, ஸ்டேஷன்ல இருந்து பேச்சே இல்லன்னா, அவ்ளோதான். பத்து நிமிஷத்துல அவர் பாத்துட்டேன்னு அமுக்கலன்னா அடுத்து சூப்பர்வைசருக்கு, அப்புறம் உங்களுக்கு கால் வரணும். அதுல கடைசியா சொன்னேனே, பேச்சே இல்லன்னா, அதை சப்ளையர்கிட்ட தனியா கேட்டு வாங்குங்க. ஸ்டேஷன் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் இருக்கேன்னு சொல்லணும், ரெண்டு தடவை சொல்லலன்னா சர்வரே அலாரம் அடிக்கணும். நிறைய சிஸ்டத்துல லைன் அறுந்த பிறகும் கடைசியா வந்த நம்பர் அப்படியே பச்சையில நிக்கும், பாக்கிறவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு தூங்குவாங்க. பழைய நம்பர் சாம்பல் நிறத்துல, எத்தனை மணி நம்பர்னு போட்டு தெரியணும்.

டவர் விஷயத்துக்கு ரெண்டு வேற வேற கம்பெனி சிம் போடுங்க, ஆனா அதையும் முழுசா நம்பாதீங்க. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ கரண்டும் போச்சு, பல இடத்துல சிக்னலும் போச்சு, இங்க இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால ஸ்டேஷன் சுவர் மேல ஒரு சிவப்பு சுழல் விளக்கும் ஹூட்டரும் வைங்க, பக்கத்து டீக்கடைக்காரர்கிட்ட நம்பர் குடுத்து வைங்க. கரண்ட் போன தகவல் அனுப்பவே பேனலுக்கு பேட்டரி வேணும், மே மாச வெயில்ல மூடின பேனலுக்குள்ள அது சீக்கிரம் செத்துடும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறதை காண்ட்ராக்ட்லயே எழுதுங்க. பேட்டரியில மெசேஜ்தான் போகும், பம்பு ஓடாது, அதுக்கு ஜெனரேட்டர் ஏற்பாடு தனியா இருக்கணும்.

பேனலை எங்க வைக்கிறீங்கங்கிறது நம்ம ஏரியாவுல பாதி ஆயுசு. ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் வெல்லுல இருந்து வர்ற அழுகின முட்டை வாடை, அதுதான் ஹைட்ரஜன் சல்பைடு, அந்த வாயு செம்பை கருப்பாக்கும், கான்டாக்ட் எல்லாம் போயிடும். சாதா தகர பெட்டி வேணாம், எஃப்ஆர்பி (ஃபைபர்) பெட்டி கேளுங்க. அதைவிட முக்கியம், வெல்லுல இருந்து பேனலுக்கு வர்ற கேபிள் பைப்பை ரெண்டு முனையிலயும் சீல் பண்ணணும். அந்த பைப்பு வழியாத்தான் வாயு நேரா பேனலுக்குள்ள ஏறுது, பெட்டி எவ்ளோ நல்லதா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. உயரத்துக்கு, 2015லயும் 2023 மிக்ஜாம் அப்பவும் தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு அக்கம்பக்கத்துல கேளுங்க, சுவத்துல கறை காட்டுவாங்க, அதுக்கு மேல மேடை கட்டி வைங்க.

ஆள் பாதுகாப்பு. ரிமோட்ல ஸ்டார்ட் பண்ற வசதி வெச்சீங்கன்னா பேனல்ல லோக்கல், ஆஃப், ரிமோட்னு சாவி போட்ட சுவிட்ச் கண்டிப்பா இருக்கணும். பம்புல கை வெச்சிருக்கிறவர் ஐசொலேட்டரை (பம்புக்கு வர்ற கரண்டை துண்டிக்கிற சுவிட்ச்) பூட்டி சாவியை தன் பாக்கெட்ல வெச்சிக்கணும், அவர் வேலை செய்யும்போது வேற எங்கயோ இருந்து ஒருத்தர் போன்ல ஆன் பண்ணிட்டா கதை முடிஞ்சுது. சென்சார் கழுவவும் பம்பு எடுக்கவும் யாரும் வெல்லுக்குள்ள இறங்க வேண்டிய நிலைமையே வரக்கூடாது. கைடு ரெயில், செயின், மேல இருந்தே கழட்டுற மாதிரி சென்சார் பிராக்கெட், இதெல்லாம் கொட்டேஷன்ல வரணும். அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு காத்துல 100 பிபிஎம் (பத்து லட்சத்துல நூறு பங்கு) போனாலே உயிருக்கு ஆபத்து, அந்த அளவுல மூக்குக்கு வாடையும் தெரியாம போயிடும். கையால கழிவு அள்ளுறதை தடை பண்ற 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்குறது குற்றம், 2023ல உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமா உயர்த்தியிருக்கு. காசு கிடக்கட்டும், அப்படி இறங்கி செத்தவங்கள்ல நம்ம ஊர் பசங்க எத்தனை பேர். நீங்க போடுற சென்சார் அதுக்கும்தான்.

பாஸ்வேர்டு விஷயத்தை சின்னதா நினைக்காதீங்க. 2000ல ஆஸ்திரேலியாவுல மரூச்சிங்கிற இடத்துல, கழிவுநீர் ரேடியோ சிஸ்டம் போட்ட கம்பெனியில முன்னாடி வேலை பாத்த ஒருத்தர் லேப்டாப்பும் ரேடியோவும் வெச்சிக்கிட்டு பம்பிங் ஸ்டேஷன்களை இஷ்டத்துக்கு ஆட்டி வெச்சார், சுமார் எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவுக்கும் ஆத்துக்கும் போச்சு, ரெண்டு வருஷம் ஜெயில். 2023 நவம்பர்ல அமெரிக்காவுல அலிக்விப்பாங்கிற ஊர்ல தண்ணி பூஸ்டர் ஸ்டேஷன் பிஎல்சிய இன்டர்நெட் வழியா பிடிச்சிட்டாங்க, அந்த மாடலுக்கு கம்பெனி போட்டு அனுப்புற பாஸ்வேர்டு 1111. அதனால பிஎல்சிக்கு பப்ளிக் ஐபி (இன்டர்நெட்ல யாரும் நேரா தொடக்கூடிய முகவரி) வேணாம், விபிஎன்ங்கிற பூட்டின தனி வழியா மட்டும் வரணும், ஆளுக்கு ஒரு லாகின், வேலையை விட்டு போனா அன்னைக்கே அதை எடுத்துடுங்க. பிஎல்சி ப்ரோக்ராம் காப்பியும் எல்லா பாஸ்வேர்டும் கடைசி பேமென்ட்டுக்கு முன்னாடி உங்க கைக்கு வரணும், இல்லன்னா ஒரு செட்டிங் மாத்தவும் அவங்களுக்கே போன் பண்ணிக்கிட்டு இருப்பீங்க.

ஓவர்ஹெட் டேங்க்குக்கு கீழ பைப்புல ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் போதும். போர் ரெண்டுக்கும் ட்ரை ரன் கட்டோட, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை காட்டுற டிடிஎஸ் மீட்டரும் போடுங்க, கடல் தண்ணி நிலத்துக்குள்ள ஏறுற பக்கம் இது, உப்பு ஏறுறது முன்னாடியே தெரியும். குழாய் முனையில குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கான்னு கிட் வெச்சு கையால பாத்துக்கோங்க, அதுக்கு இப்போ ஆன்லைன் மீட்டர் தேவையில்ல.

முதல்ல போன மாசம் வழிஞ்ச ஸ்டேஷன்ல மட்டும் போடுங்க, ஒரு மாசம் ஓட்டி பாத்துட்டு மத்த மூணுக்கும் ஆர்டர் குடுங்க. அக்டோபர் மழைக்கு முன்னாடி சப்ளையரை நிக்க வெச்சு சோதனை பண்ணுங்க: மெயின் ஆஃப் பண்ணுங்க, சென்சார் வயரை கழட்டுங்க, ரெண்டு சிம்மையும் எடுங்க, நீள கழியால மேல் ஃப்ளோட்டை தூக்குங்க, ஒவ்வொண்ணுக்கும் பம்பு என்ன பண்ணுது, யார் போன் எத்தனை நிமிஷத்துல அடிக்குதுன்னு பேப்பர்ல எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோங்க.