பழைய காரின் வாட்டர் பம்ப்பை மாற்றுவது எப்படி?

கேள்வி: என்னிடம் உள்ள பழைய காரின் வாட்டர் பம்ப்பின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நானே கழற்றி மாற்றலாம் என்றால், போல்ட்டுகள் துருவேறிக் கிடக்கின்றன. முறிந்துவிடுமோ என்று தயக்கமாக உள்ளது.

பதில்: முதலில், பம்ப் பழுதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பம்ப்பின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளை வழியே சொட்டினால் உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். பம்ப்பின் முன்னால் பூட்டியுள்ள ஃபேனைப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், பம்ப்பின் தண்டைத் தாங்கும் பேரிங்கும் தேய்ந்திருக்கிறது. பம்ப் இன்ஜினோடு சேரும் விளிம்பில் மட்டும் கசிந்தால், அந்த இணைப்பின் நடுவே இருக்கும் மெல்லிய தகடான கேஸ்கெட்டை மாற்றினால் போதும். மிகப் பழைய சில இன்ஜின்களில் சீலுக்குப் பதிலாகக் கயிறு போன்ற பேக்கிங் இருக்கும். அதன் நட்டைச் சற்று இறுக்கினாலே பெரும்பாலும் கசிவு குறைந்துவிடும்.

கழற்றுவதானால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை வடியுங்கள். அது நஞ்சு என்பதால், நாயும் பூனையும் நக்காதபடி பாத்திரத்தை மூடி வைக்கவும். ஃபேன் போல்ட்டுகளை, பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டால், அது ஓடும் சக்கரமான புல்லி கூடவே சுழன்று உங்களைப் பாடாய்ப் படுத்தும்.

உங்கள் தயக்கம் நியாயமானதே, ஏனெனில் இந்த வேலையில் பம்ப்பைவிடப் போல்ட்டுகளே அதிகப் பொறுமையைக் கேட்கும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு, போல்ட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி வையுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு, பிறகு தளர்த்தும் திசையில் ஒன்று என்று மாறி மாறித் திருப்புங்கள். போல்ட் சுழலாமல் ரப்பரைப் போல முறுக்கிக்கொள்வதை ஸ்பானரில் உணர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பெட்ரோல் குழாய்கள் அருகில் இல்லையென்றால் மட்டும் போல்ட்டைச் சுற்றியுள்ள உலோகப் பகுதியைச் சூடாக்கிப் பாருங்கள். அதையும் மீறித் தலை முறிந்தால் கலங்க வேண்டாம். பம்ப்பை வெளியே எடுத்ததும் பெரும்பாலும் பிடித்துத் திருப்பும் அளவுக்குப் போல்ட்டின் மீதித் தண்டு நீண்டு நிற்கும்.

போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஓர் அட்டையில் பம்ப்பின் வடிவத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். பம்ப் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியலால் தட்டி அசைக்கலாமே தவிர, இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பக் கூடாது. அந்தக் கீறல் வழியே புதிய கேஸ்கெட்டும் கசியும்.

புதிய பம்ப்பைப் பூட்டுவதற்கு முன் பழையதோடு பக்கத்தில் வைத்து, பம்ப் தண்டின் உயரம், தண்ணீரைத் தள்ளும் சிறகுச் சக்கரமான இம்பெல்லரின் ஆழம், துளைகளின் அமைப்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். தண்ணீர்ப் பாதைக்குள் நுழையும் போல்ட்டுகளின் மரையில் கசிவை அடைக்கும் பசையான சீலன்ட் தடவி, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கேஸ்கெட்டின் மேல் சிலிக்கான் பசையை அப்பிவிடாதீர்கள். உள்ளே பிதுங்கும் துணுக்கு உடைந்து போய் ரேடியேட்டரை அடைக்கும். கூலன்ட் நிரப்பி, ரேடியேட்டர் மூடி இல்லாமலே, இன்ஜின் சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும் வரை இன்ஜினை ஓடவிட்டால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கும். அப்போது எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் நிரப்பி மூடுங்கள்.