கனடா யோசனை வேதாரண்யத்தில் எடுபடுமா? காரின் அடிப்பாகத் துருவும் உப்புத் தண்ணீரும்

கேள்வி: வேதாரண்யத்தில் இருக்கிறேன். ஆறு வருஷமான பெட்ரோல் கார். தினமும் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை ஒட்டித்தான் வேலைக்குப் போய்வருகிறேன். வீட்டு போர் தண்ணீரில் வாரம் தவறாமல் கழுவுகிறேன். இருந்தும் பின்சக்கரத்துக்கு மேலே பெயின்ட் குமிழ் விட்டிருக்கிறது, அடியில் பிரேக் பைப்பில் செதில் செதிலாகத் துரு. டொரன்டோவில் இருக்கும் என் மகன், "இங்கே ரோட்டில் உப்பு போடுவார்கள், குளிர்காலம் முடிந்ததும் எல்லாரும் காரின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிவிடுவோம், நீங்களும் அப்படிச் செய்யுங்கள்" என்கிறான். சர்வீஸ் சென்டரில் அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் போதும் என்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: மகன் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தும். சர்வீஸ் சென்டர் சொல்வதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். எனக்குச் சந்தேகம் எல்லாம் உங்கள் போர் தண்ணீர் மேல்தான்.

கனடாவில் சாலையில் தண்ணீர் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடாமல் இருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்த தண்ணீர் 0 டிகிரியில் உறையாது, அவ்வளவுதான் விஷயம். குளிர் ரொம்ப இறங்கினால் சாதா உப்பு வேலைக்கு ஆகாது என்று கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு என்று போவார்கள். இதெல்லாம் சேறோடு சேர்ந்து வண்டியின் அடியில் அப்பிக்கொள்கிறது. ஆனால் கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் நகரும். வெயில் வந்து சூடு ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். அதனால் குளிர்காலம் முடிந்ததும் ஒரு பெரிய கழுவல் என்பது அங்கே நல்ல கணக்கு. உங்கள் ஊரில் உப்புக்கு முடிவும் இல்லை, சூட்டுக்குக் குறைச்சலும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கழுவி என்ன ஆகப்போகிறது?

1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய ஊர்க்காரருக்கு நான் உப்பைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. துருப்பிடிக்க மழை பெய்ய வேண்டும், வண்டி நனைய வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உப்பு ஒட்டியிருந்தால் அதெல்லாம் தேவையே இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், அடைமழை நாளில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதம் இருந்தாலே போதும். கடல் உப்பில் அதுவும் கலந்திருக்கிறது. உப்பு விளைந்து வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் ரொம்பவே அதிகம். ஆக, உப்பளக் காற்றும், லாரியில் இருந்து சொட்டி ரோட்டில் காய்ந்த உப்புத் தண்ணீரும் ஏறிய காரை இரவு வாசலில் நிறுத்தினால், மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் விடியவிடிய ஈரமாகத்தான் இருக்கும். இரும்பு, ஈரம், காற்று, கூடவே மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தும் உப்பு. துருவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, இப்போது உங்கள் போருக்கு வருவோம். கடைமடைப் பகுதியில் கடலோரமாகப் பல இடங்களில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. வாயில் வைத்தால் கரிக்கிறதா என்று பாருங்கள். கரித்தால் சோதனை அங்கேயே முடிந்தது. அந்தத் தண்ணீரில் வாரம் ஒருமுறை கழுவுவது என்றால், வாரம் ஒருமுறை உப்பைக் கரைத்து மட்கார்டு மடிப்புக்குள் எல்லாம் ஊற்றிக் காயவிடுகிறீர்கள் என்று அர்த்தம். நாக்கை நம்பாவிட்டால், ஆர்ஓ மாட்ட வருகிறவர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் மொத்தமாக அளப்பது) வாங்கி முக்கிப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல தண்ணீர், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை குடிக்கலாம் என்று இருக்கிறது. கடல்நீர் சுமார் 35,000. மீட்டர் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் எண்ணும், சுண்ணாம்புக் கறை காருக்கு அசிங்கமே தவிர ஆபத்து இல்லை. 500-க்குள் காட்டினால் யோசிக்காமல் ஊற்றுங்கள், ஆயிரக்கணக்கில் காட்டி வாயிலும் கரித்தால் அதைக் கடைசித் தண்ணீராக விடவே கூடாது.

கடைசித் தண்ணீர் என்று சொன்னதைக் கவனியுங்கள். மொத்தக் காரையும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டச் சொல்லவில்லை, உங்கள் பக்கம் கொள்ளிடம் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருப்பது எனக்குத் தெரியாதா என்ன! முதலில் சேற்றை எடுக்க போர் தண்ணீரே போதும், தாராளமாக அடியுங்கள். சேறுதான் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கிறது, அது போனாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் காய்வதற்குள், நாலைந்து குடம் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தை அலசி விடுங்கள். பக்கெட்டிலிருந்து உறிஞ்சி அடிக்கும் சின்ன பிரஷர் வாஷர் இருந்தால் இந்த நாலு குடம் நன்றாகவே எட்டும். வயலுக்கு மருந்து அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரையும் சிலர் எடுக்கிறார்கள். அதில் அழுத்தம் போதாது, முந்தின போகத்துக் களைக்கொல்லி மிச்சம் வேறு இருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துவைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஆனால் மழையில் ஓட்டினாலே வண்டி சுத்தமாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள், மழை கூரையையும் பானெட்டையும்தான் கழுவும், ரோட்டில் கிடக்கும் உப்புச் சேற்றை டயர் வாரி உள்ளே அடித்துக்கொண்டே இருக்கும்.

வாட்டர் சர்வீஸுக்கு விடுவதானாலும் முதலில் கேட்கவேண்டியது அவர்கள் ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்பதைத்தான். மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் வேலையாகப் போகும்போது அங்கே லிஃப்டில் ஏற்றிக் கழுவிக்கொண்டு வருவது உத்தமம்.

எங்கே அலசுவது? உங்கள் குமிழ் இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு விளிம்பில் இரண்டு தகடுகளைச் சேர்த்து உள்பக்கமாக மடித்திருப்பார்கள். விரலை வளைத்து அந்த மடிப்புக்கு மேலே விட்டுத் தடவிப் பாருங்கள், நறநறவென்று ஈரச் சேறு ஒரு வரியாகக் கையோடு வரும், வெளியே பளபளவென்று துடைத்த காரிலும் வரும். துரு அங்கே உட்கார்ந்து உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது, நீங்கள் பார்க்கும் குமிழ் அதன் கடைசிக் கட்டம். ஹோஸை வெளியே காட்டினால் இந்த இடத்துக்குத் தண்ணீர் போகாது, சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டு மேல்நோக்கிப் பீய்ச்ச வேண்டும். அடுத்தது கதவுகளின் அடிவிளிம்பு, கதவுக்குக் கீழே காரின் நீளத்துக்கு ஓடும் பெட்டி மாதிரியான பகுதி. இரண்டிலும் உள்ளே போன தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும், மண் அடைத்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் டேகை விட்டுக் குத்தி எடுங்கள். ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் கைகள், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, இவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

பிரஷர் அதிகமாக இருந்தால் ஒரு அடியாவது தள்ளிப் பிடியுங்கள், வயர் கனெக்டர், வீல் பேரிங் சீல் பக்கம் நேராக அடிக்க வேண்டாம், இன்ஜின் பகுதிக்குள் அடிக்கவே வேண்டாம். ஓட்டிவந்த சூட்டோடு பிரேக் டிஸ்க் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், அரைமணி நேரம் ஆறட்டும். கழுவி முடித்ததும் தெருவை ஒரு சுற்று சுற்றி நாலு தடவை பிரேக் பிடித்தால் டிஸ்க் காய்ந்துவிடும். அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஓட்ட ஓட்டப் போய்விடும்.

சமையல் சோடா கரைத்து ஊற்றினால் உப்பு முறிந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். முறிப்பதற்கு உப்பு என்ன அமிலமா? கரைத்து வெளியே தள்ளவேண்டியதுதான், அதற்குத் தண்ணீரை விட்டால் வேறு மருந்து இல்லை. துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம், பெயின்ட் மேல் இருக்கும் மெழுகை உரித்துவிடும். கழுவிய ஈரத்தோடு தார்பாயைப் போட்டு மூடுவது எல்லாவற்றையும்விட மோசம், காற்றோட்டமான கொட்டகை போதும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? தினமும் உப்பளச் சாலை என்றால் அடிப்பாகத்துக்கு மட்டும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். கடற்கரை மணலில் இறக்கினாலோ, தேங்கிய உவர்த் தண்ணீரில் ஓட்டினாலோ அன்றைக்கே கழுவுங்கள்.

கோட்டிங் கெட்டது என்று நான் சொல்லவில்லை. புது வண்டிக்கு, தகடு சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும்போது அடித்தால் நல்ல காப்பு. ஆறு வருஷ உப்பின் மேல், உள்ளே துரு இருக்க, கறுப்பாக தார் மாதிரி பூசினால் துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும், அவ்வளவுதான் நடக்கும். நாளாக நாளாக அந்தத் தார்ப் பூச்சு விரிசல் விட்டு, விரிசலுக்குள் உப்புத் தண்ணீர் போய்க் காயாமல் கிடக்கும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, துரு இருக்கும் இடங்களைச் சுரண்டி சரிசெய்தபின் மெழுகு வகைக் கோட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் வெளியேறும் துளைகளை அடைக்காமல் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். லாரிக்காரர்கள் மாதிரி வேஸ்ட் ஆயிலை அடிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். ரப்பர் புஷ் ஊறிக் கெடும், சூடான சைலன்சரில் பட்டால் புகையும், சொட்டுவதெல்லாம் உங்கள் வாசல் மண்ணில்தான். வேண்டாம்.

குமிழ் விட்ட இடத்தை டிங்கரிடம் காட்டுங்கள். உப்புத்தாள் போட்டுப் பளிச்சென்று தகடு தெரியும்வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, அப்புறம்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். தேய்க்கும்போதே ஓட்டை விழுந்தால் தகடு வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும், பட்டி பூசி மூடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கெல்லாம் அவசரம் இல்லை, பிரேக் பைப்புக்குத்தான் அவசரம். மேல் பூச்சில் லேசாகத் துரு படர்ந்திருந்தால் பரவாயில்லை, நீங்கள் எழுதியிருப்பதுபோல் செதிலாக உரிகிறது என்றால் பைப் சுவரே மெலிந்திருக்கலாம். கம்பி பிரஷ் போட்டு நீங்களே தேய்த்துப் பார்க்க வேண்டாம். இந்த வாரமே மெக்கானிக்கிடம் காட்டி, மாற்றவேண்டும் என்றால் மாற்றிவிடுங்கள், கழுவுவது, கோட்டிங் எல்லாம் அதற்கு அப்புறம்.