நண்டு கழட்டுகிற கைக்குக் கூலி கேட்கலாமா?

இலங்கையின் வடக்குக் கரையோரப் பெண்கள் சிலர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில். மாதர் சங்கத்துக் கணக்குக் கொப்பியோடு கனகாலம் மாரடித்தவள் நான், அவ்வளவுதான் தகுதி.

வலைப்பாட்டில் இருந்து: விடியப்புறம் மூன்று மணிக்குப் போய் வலையில் நண்டு கழட்டுகிறேன் அக்கா. காசு இல்லை, கறிக்கு நண்டு தருகிறார்கள். கூலி கேட்டால் பிழையா?

கேட்காமல் இருப்பதுதான் பிழை. கறிக்கு என்று தருவது எந்த நண்டு? கால் ஒடிந்தது, நண்டு வாங்குகிற கொம்பனி எடுக்காதது. கால் முறியாமல் கழட்டினால்தான் முதலாளிக்கு முழு விலை, அந்தப் பக்குவம் உங்கள் விரலில் இருக்கிறது, வலை நூலும் நண்டுக் கொடுக்கும் வெட்டிய தழும்பும் அதே விரலில்தான். ஆனால் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், நாளைக்கே வேறு ஆளைப் பிடிப்பார்கள். நாலைந்து பேர் சேர்ந்து, எத்தனை வலை, எத்தனை மணித்தியாலம் என்று ஒரு மாதம் எழுதி வைத்துவிட்டுப் பேசுங்கள்.

அளம்பிலில் இருந்து: என் கருவாட்டில் புழு வைக்கிறது.

மண்ணில் பரப்புகிறீர்களா? அப்போ ஈ வரத்தான் செய்யும். கம்பு நட்டுப் பரண் கட்டி, மேலே பழைய வலையை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். குடல் எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு, உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். வாடை மழை தொடங்கினால் பெரிய மீனைக் காயப் போடவே போடாதீர்கள்.

முள்ளிவாய்க்காலில் இருந்து: இவர் 2009இல் காணாமல் போனவர். வள்ளம் அவர் பெயரில் கிடக்கிறது. மரணச் சான்றிதழ் எடு என்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை.

மனம் வராவிட்டால் எடுக்க வேண்டாம் தங்கச்சி. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்கிற சான்றிதழ் ஒன்று எடுக்கலாம், அதில் இறந்தார் என்று ஒரு சொல்லும் இராது. அதை வைத்து உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க நீதிமன்றத்தில் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். முதல் நாளே அலையவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வறிய ஆட்களுக்கு அங்கே காசு வாங்கமாட்டார்கள்.

நாயாற்றில் இருந்து: கிழமைக் கடன் மூன்று. ஒன்றைக் கட்ட மற்றது எடுத்தேன்.

நானும் அப்படித்தான் மாட்டினேன். வாடைக்கு கடல் நாள் கணக்கில் கொந்தளிக்கும், கடன்காரனின் மோட்டார் சைக்கிள் மட்டும் திங்கட்கிழமை தவறாது. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, திரும்ப அப்படி வரும் என்று காத்திருக்காதீர்கள். நாலாவது கடன் மட்டும் வேண்டாம். மூன்று கடன் அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் மாதர் சங்கத்துக்குப் போங்கள், சங்கக் காசை ஆள் மாறி ஆளுக்குக் கொடுக்கிற சுழற்சிக் கடன் இருந்தால் வட்டி கூடியதை முதலில் முடிக்கலாம். கடன் குழுவில் மற்றவளுக்குப் பிணை நின்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கம் பார்த்தால் வட்டிதான் குட்டி போடும்.

கொக்கிளாயில் இருந்து: கடற்றொழிலாளர் சங்கத்தில் பெண்ணைச் சேர்ப்பார்களா?

பெண் என்பதற்காக மறுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஊர்ப் பழக்கம்தான் மறிக்கிறது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், வாங்கியதற்குத் திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். "பிறகு பார்ப்பம்" என்று வாயால் சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.