மாஸ்டர் ஏன் வாயைத் திறக்கவில்லை?

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். சென்ற மாதம் டீ-சர்ட்டின் உயரத்தை 2 செ.மீ. கூட்டச் சொல்லியிருந்தார் ஆர்டர் கொடுத்த பையர். அவரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதை வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் போட்டதோடு சரி. பழைய அளவிலேயே 2,400 பீஸ் வெட்டிவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் தமிழ்க்காரர்தான். அவருக்கு அப்போதே சந்தேகம் வந்ததாம். நான் போனில் கோபமாகப் பேசிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லையாம். இந்தி தெரிந்த சூப்பர்வைசரைப் போட்டால் சரியாகுமா?

பதில்: வெட்டிய துணி வளராது. சிறிய கம்பெனிக்கு 2,400 பீஸ் எவ்வளவு பெரிய அடி என்பது புரிகிறது. இந்தி தெரிந்தவரைத் தாராளமாகப் போடுங்கள். ஊரைவிட்டு வந்து உழைக்கிறவர்களுக்குப் புரிகிற மொழியில் பேச ஓர் ஆள் இருப்பதே தெம்பு. (ஒடிசாக்காரர்களின் மொழி ஒடியா என்பதும் நினைவிருக்கட்டும்.)

ஆனால், உங்கள் மாஸ்டருக்குத் தமிழ் தெரியுமே! நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மேசையில் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடக்கிறது. கையில் டேப்புடன் அவர் நிற்கிறார். நீங்கள் போனில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது போய்க் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்பும் திட்டு விழுமோ என்று தோன்றியிருக்கும். மெஷினை ஓட்டிவிட்டார்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே காத்திருக்க நேர்ந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று விமானிகள் சொன்னார்கள். 'அவசரநிலை' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. தரையில் இருந்தவர்களும் துருவிக் கேட்கவில்லை. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். சொல்கிறவர் தயங்கும்போது, கேட்கிற இடத்தில் இருப்பவர்தான் ஓர் அடி முன்னால் வர வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள்.

ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் பிழையைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுக்கலாம். அந்த ஏற்பாட்டுக்கு 'ஆண்டோன்' என்று பெயர். இழுத்ததும் மேற்பார்வையாளர் வந்து நிற்பார். உடனே தீராவிட்டால் அந்த வரிசையே நின்றுவிடும். கயிறு கட்டுவது எளிது. இழுத்தவரைத் திட்டாமல் இருப்பதுதான் கடினம். ஒருவர் திட்டு வாங்கினால் போதும், அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவை நம்பாதீர்கள். காலை வணக்கங்களுக்கும் லாரிப் படங்களுக்கும் நடுவே அந்த 2 செ.மீ. புதைந்துபோனதில் வியப்பில்லை. மாற்றம் வந்தால் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் தாளில் எழுதி, பழைய தாளைக் கிழித்துவிட்டுக் கட்டிங் மேசையில் புதியதை ஒட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "உயரம் எவ்வளவு வெட்டப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். எண் வெட்டுகிறவர் வாயிலிருந்து வரட்டும்.

இதற்கெல்லாம் முன்பு மாஸ்டரிடம் பேசுங்கள். அவரை அறைக்குக் கூப்பிட வேண்டாம். வேலை தொடங்கும் முன் நீங்களே கட்டிங் மேசைக்குப் போங்கள். "அன்று என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்வேன் என்று பயந்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.