மூன்று போயாவுக்கு ஒரு புத்தகம்

கேள்வி: அக்கா, என்னோடு படித்த நாலு பேரும் நானும் சேர்ந்து றொபேட் ஜோர்டனின் 'வீல் ஒஃப் டைம்' என்ற ஆங்கில மாயக்கதைத் தொடரை வாசிக்கத் தொடங்கி ஐந்து மாதம். மொத்தம் 14 புத்தகம். அவர்கள் நாலாவதில் நிற்கிறார்கள், நான் இன்னும் இரண்டாவதில். என் ஆங்கில வாசிப்பு மெதுவானது. வட்ஸ்அப் குழுவில் அவர்கள் கதைப்பதைப் பார்த்தே இனி நடக்கப்போவதெல்லாம் தெரிந்துவிடுகிறது. விலகிவிடலாமா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: விலகவேண்டாம், தங்கச்சி. நானும் இதே தொடரை மூன்று பேரோடு சேர்ந்து வாசித்தவள். 2018 தையில் தொடங்கினோம், 2022 பங்குனியில் முடித்தோம். ஒருவர் ஓர்ஸ்ஹில்லில் கணிதம் படிப்பிக்கும் தோழி. இன்னொருவர் கிண்ணியாவிலிருந்து வரும் மருந்தாளர். மற்றவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. நாலு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது பௌர்ணமி விடுமுறையான போயா அன்றுதான். அதனால் மூன்று போயாவுக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டோம். திருகோணமலை டச் பே கடற்கரையில், கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள் சுற்றித் திரிய, கச்சான் பையைப் பிரித்து நடுவில் வைத்துவிட்டுக் கதைப்போம்.

எங்களில் மெதுவாக வாசிப்பவர் அந்த அக்கா. அகராதி பக்கத்தில் இல்லாமல் புத்தகத்தைத் திறக்கமாட்டார். முதல் இரண்டு போயாவும் அவர் வாய் திறக்கவில்லை, நீங்கள் இப்போது இருப்பது போலத்தான். மூன்றாவது போயாவில் கணித ஆசிரியை ஒரு சட்டம் போட்டார்: பிந்தி நிற்பவர்தான் முதலில் கதைக்கவேண்டும், அவர் நிறுத்திய பக்கத்தோடு அன்றைய கதையும் நிற்கவேண்டும். அதற்குப் பிறகு நாலு வருடமும் அதை நாங்கள் மீறவில்லை. ஓடி முடித்தவருக்கு அது பெரிய கஷ்டம், பொய் சொல்லமாட்டேன். நான் ஐந்தாவது புத்தகத்தை ஒரே கிழமையில் முடித்துவிட்டு, இரண்டு போயா வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மௌனத்தில்தான் நான் தவறவிட்டதெல்லாம் எனக்குக் கிடைத்தது.

உதாரணத்துக்கு ஒன்று. 14 புத்தகங்களிலும் முதலாம் அத்தியாயம் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: காலச் சக்கரம் சுழல்கிறது, எங்கோ ஓரிடத்தில் ஒரு காற்று எழும்புகிறது. நான் அதை நாலு வரி அலங்காரம் என்று தாண்டிப் போனேன். அக்கா தாண்டவில்லை. காற்று எந்த மலையில் எழும்பி, எந்த ஊர்களைக் கடந்து, யாருடைய முகத்தில் வந்து படுகிறது என்று கொப்பியில் எழுதியிருந்தார். "கச்சான் காற்று எங்கட ஊருக்கு வரமுதல் எத்தனை ஊரைச் சுடவைச்சுப்போட்டு வருது, அது மாதிரித்தான் இது. காற்று போற வழியைப் பார்த்தால் எந்த ஊரில என்ன நிலைமை எண்டு விளங்கும்" என்றார். நான் முதல் புத்தகத்தை எடுத்து அந்தப் பந்தியைத் திரும்ப வாசித்தேன். அவர் சொன்னது சரி.

இந்தத் தொடரில் பெயரோடு வருபவர்களே இரண்டாயிரத்துக்கும் மேல். அத்தனை பேரை ஒரு மண்டை தாங்காது. ஆகவே நாங்கள் ஆளுக்கொரு கொப்பி வாங்கி, பாத்திரங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டோம். கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுக்கும் நைனீவ் என் பொறுப்பு. பெரின் மருந்தாளருக்கு. ஊர்களும் காற்றும் அக்காவுக்கு. "இவன் யார், முன்பு எங்கே வந்தான்?" என்று யாராவது கேட்டால் பொறுப்பானவர் கொப்பியைப் புரட்டவேண்டும். உங்கள் ஐந்து பேருக்கும் இது நன்றாக ஒத்துவரும். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் சொல்லகராதி உண்டு, பெயர்களின் உச்சரிப்பும் அதில் இருக்கிறது. முதலிலேயே அதைப் பாருங்கள்.

நீங்கள் ஆறாவதுக்கு வரும்போது நாங்கள் அதை எங்கே கதைத்தோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கிண்ணியாத் தோழிக்கு டவுனுக்கு வருவது சுலபமாக இருக்கவில்லை. பஸ்ஸில் பார்க்கிற பார்வையே வேறு. அந்த வெசாக் போயாவுக்கு நாங்கள் மூன்று பேரும் பாலம் தாண்டி அவர் வீட்டுக்குப் போனோம். நோன்பு மாதம். அவர் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்துகொண்டு எங்களோடு இரண்டு மணி நேரம் கதைத்தார். இருட்டுவதற்குள் போய்விடுங்கள் என்று, நோன்புக் கஞ்சியைப் போத்தலில் ஊற்றித் தந்து அனுப்பினார். அன்று அவர் 40 பக்கம் பிந்தியிருந்தார். சட்டப்படி அவர்தான் முதலில் கதைத்தார்.

8, 9, 10 மூன்றும் நடை தளரும் புத்தகங்கள். எட்டாவதில் ஒரு முக்கியமான ஆள் (யார் என்று சொல்லமாட்டேன்) தலையே காட்டுவதில்லை. அவருக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியையின் கொப்பியில் மூன்று போயாவுக்கு வெறும் திகதிதான் இருக்கிறது. ஒன்பதாவதின் முடிவில் பெரிதாக ஒன்று நடக்கும். பத்தாவதின் பெரும்பகுதி, அதே நேரத்தில் வேறு இடங்களில் இருந்தவர்கள் அதைத் தூரத்திலிருந்து உணர்வதாகவே போகும். வேகமாக வாசிப்பவர்கள் அலுத்துப்போவது இங்கேதான். உங்கள் நடை அங்கே குழுவுக்குத் தேவைப்படும்.

இன்றைக்கே உங்கள் தோழிகளிடம் சொல்லுங்கள்: "நான் இரண்டாவதை முடிக்கும்வரை நில்லுங்கள், அடுத்த முறை நான்தான் முதலில் கதைப்பேன்." இந்தப் பக்கத்தை வெட்டிக் காட்டினாலும் சரி.

கேள்வி: தொடர் முடியுமுன் ஆசிரியர் இறந்துபோய், மற்றொருவர் முடித்த புத்தகங்களை வாசிப்பது சரியா?
– ஒரு வாசகர், மூதூர்

பதில்: எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. றொபேட் ஜோர்டன் 2007இல் இறந்தபோது 11 புத்தகங்கள் வெளிவந்திருந்தன. மிச்சத்தை எழுத பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தவர் ஜோர்டனின் மனைவி ஹரியட் மக்டூகல். தொடரின் பதிப்பாசிரியரும் அவர்தான். ஜோர்டன் விட்டுச்சென்ற குறிப்புகளையும் சில காட்சிகளையும் வைத்து, ஒரு புத்தகமாக நினைத்ததைச் சாண்டர்சன் மூன்றாக எழுதினார். கடைசிப் புத்தகம் 2013இல் வந்தது. அதன் முடிவுரையில் பெரும்பகுதி ஜோர்டனே எழுதி வைத்தது. 12ஆவதில் சிலருடைய பேச்சு மாறியது போல இருக்கும், அது எனக்கு உறுத்தியது. பிறகு சரியாகிவிடுகிறது.

ஜோர்டன் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். சண்டை முடிந்த பிறகு வென்றவர்களும் பேச்சில்லாமல் நிற்கும் இடங்களை அவர் எழுதியிருக்கும் விதம், 2006இல் குடாவுக்கு அப்பால் மூதூரில் வெடித்த சத்தத்தை டவுனில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு வேறு விதமாகப் பட்டது. 14ஆவதில் ஒரு அத்தியாயம் மட்டும் ஏறத்தாழ 200 பக்கம். அந்தப் போயா அன்று காலையிலிருந்து நாலு பேரும் மாறி மாறிச் சத்தமாக வாசித்து, மின்வெட்டு இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் முடித்தோம். கடைசிப் பக்கத்தை அக்காவிடம் கொடுத்தோம். அகராதி இல்லாமலே வாசித்தார்.

கேள்வி: 'நியூ ஸ்பிரிங்' என்ற முன்கதையை முதலில் வாசிக்கவேண்டுமா?
– ஒரு வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டாம். அது 2004இல், பத்தாவதுக்குப் பிறகு வந்தது. பத்தாவதை முடித்து அலுத்திருக்கும்போது எடுங்கள். சின்னப் புத்தகம், ஒரு போயா போதும்.