கரையை மறைக்கும் கட்டடங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டடக்கலை இறுதியாண்டு மாணவன் நான். பழைய துறைமுகங்களைப் புதுப்பித்த நகரங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். எந்த ஊரைப் பார்த்தாலும் அதே கண்ணாடிக் கோபுரங்கள். கட்டடக் கலைஞர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டதா? ஸ்பெயினின் பில்பாவோ நகரம் தன் கூகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குச் செய்தது போல ஒரு மேதையிடம் ஒப்படைத்தால் சரியாகுமா? கரையோர நடைபாதைக்கு மரப்பலகை நல்லதா, கருங்கல்லா? படங்கள் இணைத்துள்ளேன்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. உங்கள் ஏமாற்றம் நியாயமானது. இந்த வயதில் அது வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் கேள்வி சோம்பேறித்தனமானது. நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாமே நடு நீரிலிருந்தோ ஆகாயத்திலிருந்தோ எடுத்தவை. வீடு விற்பவன் பிடிக்கும் கோணம் அது.

பில்பாவோவை விடுங்கள். 1997இல் கூகன்ஹைம் திறப்பதற்கு முன்பே அந்த ஊர் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தது, மெட்ரோ ரயிலும் ஓடிக்கொண்டிருந்தது. கேமராவுக்குக் கட்டடம் மட்டும்தான் அகப்பட்டது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது மனையின் அளவை. கன்டெய்னர் கப்பல்களுக்கு ஆழமான நீரும் பரந்த முற்றமும் தேவைப்பட்டதால் துறைமுகங்கள் ஊரைவிட்டு வெளியே போயின. லண்டனில் ராயல் டாக்ஸ் என்ற பெரிய கப்பல் துறை 1981இல் மூடப்பட்டது. இப்படி எஞ்சுவது பெரும்பாலும் ஒரே கையில் உள்ள பெருநிலம். நஞ்சேறிய மண்ணை அகற்ற வேண்டும், கரைச்சுவரைச் செப்பனிட வேண்டும், சாலை போட வேண்டும். எல்லாம் கடன். சின்னச் சின்ன மனையாக விற்றுக்கொண்டிருந்தால் வட்டி ஏறும். ஆகவே பெரும் துண்டுகளாகப் பெரும் நிறுவனங்களுக்குப் போகிறது. ஒரு தெரு நீளத்துக்கும் ஒரே மனை. அதற்கு ஒரு வாசல், கார் இறங்க ஒரு சரிவு, மீதியெல்லாம் மங்கல் கண்ணாடி, டிரான்ஸ்பார்மர் அறையின் இரும்புக் கதவு, சமையல் புகை கக்கும் ஒரு சல்லடை. மேலே எந்த மேதை எப்படி வளைத்து நெளித்தாலும் கீழே நடப்பவன் உரசிக்கொண்டு போவது அந்த இரும்புக் கதவைத்தான். நீர் தெரியும் வீட்டுக்கே விலை அதிகம் என்பதால் முதல் வரிசை மதிலாக எழும்பி, பின்னாலிருக்கும் ஊருக்குத் தண்ணீரே இல்லாமல் செய்துவிடுகிறது.

ஆம்ஸ்டர்டாமின் கிழக்குத் துறைமுகப் பகுதியில் போர்னியோ என்ற பழைய கப்பல் மேடையைப் பாருங்கள். 1990களில் அங்கே ஒரு தெருவில் 60 சிறு மனைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விட்டார்கள். அவரவர் தமக்குப் பிடித்தவரை அமர்த்திக் கட்டிக்கொண்டார்கள். எல்லாம் அழகு என்று சொல்லமாட்டேன், ஒன்றிரண்டு கண்ணை உறுத்தும். ஆனால் நாலைந்து மீட்டருக்கு ஒரு கதவு! வீட்டின் பின்சுவர் நேரே நீரில் இறங்குகிறது. அசட்டு வீடு ஒன்று முளைத்தால் அந்த நாலைந்து மீட்டரோடு போயிற்று. பெருமனையில் அசட்டுக் கட்டடம் வந்தால் கரையே போயிற்று.

வெள்ளத்துக்குப் பயந்துதான் கீழ்த்தளத்தை அடைக்கிறோம் என்பார்கள். உங்கள் பேராசிரியரும் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், பழைய துறைமுகத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டி என்ற பகுதியில் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 8 மீட்டர் மேலே மண்மேடு எழுப்பிக் கட்டடங்களை வைத்தார்கள். உலாவும் பாதையைக் கீழே நீரருகிலேயே விட்டார்கள். வெள்ளம் வந்தால் பாதை முழுகும், பிறகு வடியும்.

ஆய்வை எழுதும் முன் ஒவ்வோர் ஊருக்கும் மனைப்பிரிவு வரைபடத்தைத் தேடிப் பிடியுங்கள். நூறு மீட்டருக்கு எத்தனை கதவுகள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

நடைபாதைக்குக் கருங்கல். ஈரத்தில் மரம் வழுக்கும்.